ஒளியைத் தாளில் பிடித்தவர்

பாசிர் ரிஸில் இன்று அடுக்குமாடி வீடுகள் உயர்ந்து நிற்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே கம்பத்து வீடுகளும் தென்னை மரங்களும் இருந்தன. அக்காலத்தில் சிங்கப்பூரின் பல பகுதிகள் இப்படித்தான் காட்சியளித்தன. அந்த எளிய காட்சிகளை ஓவியங்களாக்கியவர்களுள் ஒருவர் லிம் செங் ஹோ.

அவர் 1912ஆம் ஆண்டு சீனாவின் சியாமென் நகரில் பிறந்தார். ஏழு வயதில் சிங்கப்பூருக்கு வந்தார். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்தபோது ரிச்சர்ட் வாக்கர் என்ற ஆங்கிலேய ஆசிரியரிடம் ஓவியம் கற்றார். அதன்பின் பெரும்பாலும் தாமே முயன்று தம் திறனை வளர்த்துக்கொண்டார்.

ஓவியம் அவருடைய தொழில் அன்று. அவர் அலுவலக எழுத்தராகப் பணிபுரிந்தார். பின்னாளில் பொதுப் பயனீட்டுக் கழகத்தில் வேலை செய்தார். வாரம் முழுவதும் கோப்புகளைப் பார்த்த கைகள், வார இறுதியில் தூரிகையை ஏந்தின. நண்பர்களுடன் ஆற்றங்கரைக்கும் கம்பங்களுக்கும் சென்று, காட்சியை நேரில் பார்த்தே வரைந்தார்.

அவர் விரும்பியது நீர்வண்ணம். அது எளிதன்று. வெயிலில் வண்ணம் விரைவாக உலர்ந்துவிடும். மேகம் நகர்ந்தால் நிழல் மாறிவிடும். பிழையை மறைக்க மீண்டும் மீண்டும் பூசினால் வண்ணம் கலங்கிவிடும். ஆகவே, தூரிகையை வைக்கும் முன்பே ஓவியர் முடிவெடுக்க வேண்டும்.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் தாளின் நிறமே. நீரில் மின்னும் வெயிலைக் காட்ட, அந்த இடத்தை வண்ணம் பூசாமல் விட்டுவிடுவார்கள். ஈரத்தாளில் பூசிய வண்ணம் மெல்லப் பரவி, மழைக்கு முந்தைய வானத்தின் அமைதியைத் தரும். தொலைவில் உள்ள மரங்களை வெளிறிய நிறத்திலும் அருகில் உள்ளவற்றை அடர்ந்த நிறத்திலும் தீட்டினால், தட்டையான தாளில் தூரம் தோன்றும். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு கூடினால் நண்பகல் வெப்பம் தெரியும்; குறைந்தால் காலைக் குளிர்ச்சி தெரியும். இவ்வாறு, ஓவியத்தின் உணர்வு அதன் உத்தியிலிருந்தே பிறக்கிறது.

1969ஆம் ஆண்டு சிங்கப்பூர் நீர்வண்ணச் சங்கம் உருவானபோது, அதன் நிறுவனர்களுள் ஒருவராக லிம் செங் ஹோ விளங்கினார். 1979ஆம் ஆண்டு அவர் காலமானார். 2018இல் தேசியக் கலைக்கூடம் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது.

அவர் வரைந்த கம்பங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. சிங்கப்பூர் ஆற்றின் கரைகளும் மாறிவிட்டன. அவை எப்படி இருந்தன என்பதைப் பழைய வரைபடங்களும் சொல்லும். ஆனால், அங்கே வெயில் எப்படி விழுந்தது என்பதை அவருடைய ஓவியங்கள் காட்டுகின்றன. ஓய்வு நேரத்தை அக்கறையோடு பயன்படுத்திய ஓர் எழுத்தர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அது.