மணலில் எழுதிய மாணவர்: சீகன்பால்கு

கல்லாதவர் கற்றவரிடம் சென்று கற்பது உலக இயல்பு. கற்பிப்பதற்காகக் கடல் கடந்து வந்த ஒருவர், முதலில் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மாணவரானது அரிய நிகழ்ச்சி. அவ்வாறு தமிழ் கற்றவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் செருமானிய லுத்தரன் போதகர்.

இளமையும் பயணமும்

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு செருமனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். நோய் அடிக்கடி அவரது கல்விக்குத் தடையாயிற்று. ஆயினும் ஹாலே நகரில் பேராசிரியர் பிராங்கேயிடம் பயின்று இறைப்பணிக்குத் தம்மை ஒப்படைத்தார்.

அக்காலத்தில் சோழநாட்டுக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி டென்மார்க்கு வணிகர்களின் ஆளுகையில் இருந்தது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் அவர்கள் அங்கே கோட்டை அமைத்திருந்தனர். டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக் அவ்வூருக்குப் போதகர்களை அனுப்ப விரும்பினார். சீகன்பால்கும் அவருடைய நண்பர் புளுட்சோவும் அப்பணியை ஏற்றனர். 1705 நவம்பரில் கோபன்கேகனில் கப்பலேறிய இருவரும், 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். அப்போது சீகன்பால்குவுக்கு ஏறத்தாழ 24 வயது. அரசரின் ஆணையோடு வந்தபோதிலும், கோட்டைத் தலைவர் அவர்களை விருப்பத்துடன் வரவேற்கவில்லை.

தமிழ் கற்ற முறை

கடற்கரை வணிகத்தில் அந்நாளில் போர்ச்சுகீசிய மொழி பெருவழக்காக இருந்தது. அதைக் கற்றால் துறைமுகத்தில் காலம் கழிக்கலாம். ஆனால் ஊர் மக்களின் உள்ளத்தை அறிய இயலாது. ஆகவே புளுட்சோ போர்ச்சுகீசியத்தில் கருத்தைச் செலுத்த, சீகன்பால்கு தமிழைத் தேர்ந்துகொண்டார். தமிழ் கற்பிக்க அச்சிட்ட பாடநூலோ அகராதியோ அவருக்குக் கிடைக்கவில்லை. முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டினார். சிறுவர்கள் மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினர். அவர்களோடு சீகன்பால்கும் அமர்ந்து அகரம் முதலாக எழுதினார்.

எழுத்தை அறிந்தபின் பொருள் அறிய வேண்டுமே! ஐரோப்பிய மொழிகள் சில அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்குப் பொருள் விளக்கினார். காலை முதல் இரவு வரை படிப்பதும், கேட்பதும், கேட்ட சொற்களைக் குறித்துக்கொள்வதுமே அவரது வழக்கமாயின. ஓராண்டு கடந்த அளவில் தமிழில் உரையாடவும் உரை நிகழ்த்தவும் வல்லவரானார். ஊர்தோறும் ஆள் அனுப்பி ஓலைச் சுவடிகளை விலைக்கு வாங்கினார். கிடைக்காதவற்றைப் படியெடுக்கச் செய்தார். தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு 1708இல் ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய நூல்களைச் செருமானிய மொழியில் பெயர்த்தார்.

இம்மக்கள் கல்வியும் நாகரிகமும் அற்றவர்கள் என்னும் எண்ணத்துடன் ஐரோப்பியர் பலர் இங்கு வந்தனர். சீகன்பால்குவும் அவ்வெண்ணத்தோடுதான் வந்தார். சுவடிகளைப் படிக்கப் படிக்க அவ்வெண்ணம் தவறெனக் கண்டார். அதைத் தம் நாட்டாருக்கு எழுதித் தெரிவிக்கவும் அவர் தயங்கவில்லை.

சிறையும் அச்சகமும்

1707இல் அவர் தரங்கம்பாடியில் ஓர் ஆலயம் எழுப்பினார். சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் பள்ளிகள் நடத்தினார். ஏழைக் கைம்பெண் ஒருவரின் வழக்கில் அவருக்காகப் பரிந்து பேசியதால், 1708இன் இறுதியில் கோட்டைத் தலைவர் அவரைச் சிறையிலடைத்தார். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின்னர் விடுதலை பெற்றார். சிறைக்குச் செல்லுமுன் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை மீண்டும் கையிலெடுத்து, 1711இல் முடித்தார்.

அதனை அச்சிட இங்கிலாந்திலிருந்து ஓர் அச்சுப்பொறி அனுப்பப்பட்டது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அக்கப்பலைப் பிடித்தனர். உடன்வந்த அச்சர் பயணத்திலேயே இறந்தார். அச்சுப்பொறி மட்டும் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்து அனுப்பினர். அவை அளவில் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். தாள் பற்றாக்குறையைப் போக்க, அருகிலுள்ள பொறையாற்றில் ஒரு காகித ஆலையையும் நிறுவினர். தமிழ் 1578இலேயே கொல்லத்தில் அச்சேறியிருந்தது. எனினும் இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு, 1715இல் தரங்கம்பாடியில் நிறைவெய்திய இத்தமிழ் நூலே ஆகும்.

ஏற்கப்படாத நூல்

தென்னாட்டு மக்கள் வழிபடும் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் ஒரு விரிவான நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். தம் சமயத்தைப் பரப்ப வந்தவர், பிறர் சமயத்தைப் பற்றி அவர்களிடமே கேட்டும், அவர்கள் நூல்களைப் படித்தும் எழுதிய நூல் அது. அங்கிருந்த பெரியோர் அதை விரும்பவில்லை, அச்சிடவும் முன்வரவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல்தான் அது சென்னையில் அச்சாயிற்று.

1714இல் ஐரோப்பா சென்ற சீகன்பால்கு, தமிழ் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். அது 1716இல் ஹாலேயில் வெளிவந்தது. தாம் பட்ட இடர் தமக்குப் பின் வருவோருக்கு நேரக்கூடாது என்பது அவர் நோக்கம். அப்பயணத்தின்போது மரியா டொரோத்தேயா என்பவரை மணந்து, 1716இல் அவருடன் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்.

நிறைவு

1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். பணியின் செலவு குறித்து வந்த கடிந்துரைகள் அவரது மனத்தை வருத்தின, உடலும் நலிந்தது. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு பாதி வழியிலேயே நின்றது. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் கட்டிய ஆலயத்திலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்தவர், பதின்மூன்று ஆண்டுகள்கூட நிறையாத காலத்தில் தமிழுக்கு ஓர் அச்சகத்தையும் ஓர் இலக்கண நூலையும் தந்து சென்றார். அவ்வளவுக்கும் தொடக்கம், சிறுவர்களின் நடுவே அமர்ந்து அவர் மணலில் எழுதிய முதல் எழுத்தே ஆகும்.