சே குவேராவின் கோபமும் மூச்சிரைப்பும்: ஆஸ்துமா குணத்தையும் பாதிக்குமா?

1967 ஆகஸ்ட் 8. பொலிவியக் காட்டுக்குள் கெரில்லாக் குழு ஒன்று நகர்ந்துகொண்டிருக்கிறது. தலைவர் சே குவேராவால் நடக்க முடியவில்லை, பெண் குதிரை ஒன்றில் வருகிறார். களைத்துப்போன குதிரை வேகமாகப் போக மறுக்க, ஆத்திரத்தில் கத்தியை எடுத்து அதன் கழுத்தில் குத்திவிடுகிறார். அன்று இரவே எல்லோரையும் கூட்டி, சில நேரங்களில் தன் கட்டுப்பாட்டைத் தான் இழந்துவிடுவதாக ஒப்புக்கொள்கிறார். இதை டைரியில் எழுதி வைத்ததும் அவரேதான்.

அந்தச் சமயத்தில் அவரிடம் ஆஸ்துமாவுக்கான ஊசி மருந்து தீர்ந்துபோயிருந்தது. பல நாட்களாகச் சரியான தூக்கமும் இல்லை.

டி-ஷர்ட்டில் நாம் பார்க்கிற அந்த முகத்துக்கு ஆஸ்துமா வந்தது இரண்டு வயது ஆகும் முன்பே. 1928-ல் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் பிறந்த எர்னெஸ்டோவை, 1930 மே மாதம், ஒரு குளிர்ந்த நாளில், அம்மா செலியா நீச்சலுக்குக் கூட்டிப்போனார். அன்று இரவு முதல் அட்டாக். அப்பா ரொம்ப காலம் இதற்கு அம்மாவையே குறை சொன்னார். குளிர்ந்த தண்ணீர் அட்டாக்கைத் தூண்டியிருக்கலாம். ஆனால் ஆஸ்துமாவையே உண்டாக்கியிருக்காது. பாவம், பழி மட்டும் அந்த அம்மா மேல் நின்றுவிட்டது. அதே அப்பாதான், மூச்சு சீராகட்டும் என்று பையனை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார்.

வறண்ட காற்று நல்லது என்று டாக்டர்கள் சொல்ல, குடும்பமே மலையடிவார ஊரான ஆல்டா கிராசியாவுக்கு மாறியது. ஏறத்தாழ ஒன்பது வயது வரை அவருக்கு வீட்டில் அம்மா நடத்திய பாடம்தான்.

பிறகு பள்ளிக்கூடம் போனார். போனதும் அடங்காத பையன் என்று பேரெடுத்தார். மையைக் குடித்தார், சாக்பீஸைத் தின்றார், பள்ளத்தாக்கின் குறுக்கே போகும் ரயில் பாலத்தில் கைகளால் தொங்கினார், கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். கொஞ்சம் பெரியவனானதும் ரக்பி. மூச்சு வாங்கினால் மைதானத்தின் ஓரத்துக்கு ஓடி வருவார், மருந்தை உறிஞ்சிவிட்டுத் திரும்ப ஓடுவார்.

இது பிறவிக் குணமா, நோய்க்கான எதிர்வினையா?

அந்தக் காலத்து மருத்துவத்தில் ஒரு பிரிவினரிடம் இதற்கு விசித்திரமான பதில் இருந்தது. சிகாகோவைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர் ஃப்ரான்ஸ் அலெக்ஸாண்டரும் அவருடைய சகாக்களும் ஆஸ்துமாவே மனதிலிருந்து வருவது என்றார்கள். அம்மாவை நினைத்து அழ முடியாத அழுகைதான் இரைப்பாக வெளிப்படுகிறது என்பது அவர்கள் விளக்கம். இன்று அதை யாரும் ஏற்பதில்லை. ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களின் அழற்சி.

ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் பதற்றமும், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துடிப்புப் பிரச்சினையும் சற்று அதிகமாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது இதற்கு அர்த்தமில்லை. எல்லா ஆஸ்துமா குழந்தைக்கும் இப்படி ஆகும் என்பதும் இல்லை.

காரணங்களில் முதலில் வருவது தூக்கம். ஆஸ்துமா பெரும்பாலும் இரவில்தான் படுத்தும். ராத்திரி நாலு தடவை எழுந்த குழந்தை மறுநாள் வகுப்பில் சிடுசிடுக்கும், ஓரிடத்தில் உட்காராது. டீச்சர் கண்ணுக்கு அது சேட்டை. அடுத்தது மருந்து. சால்பியூட்டமால் சிலருக்குக் கை நடுக்கத்தையும் படபடப்பையும் தரும். ஸ்டீராய்டு மாத்திரைகள் மனநிலையை மாற்றலாம். மாண்டெலுகாஸ்ட் மாத்திரையின் மனநலப் பக்கவிளைவுகள் குறித்து அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020-ல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. அதற்காக நாமே மருந்தை நிறுத்தக் கூடாது, டாக்டரிடம்தான் பேச வேண்டும். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா அதைவிட ஆபத்து.

சேவுக்கு இது எல்லாமே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஒவ்வாமை அவருக்குப் புதிதல்ல. பியூனஸ் அயர்ஸில் தனக்கு வைத்தியம் பார்த்த ஒவ்வாமை நிபுணரிடமே ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தவர், 1953-ல் டாக்டர் ஆனார், மெக்சிகோவில் ஒரு பொது மருத்துவமனையின் ஒவ்வாமைப் பிரிவில் வேலை பார்த்தார். அப்படிப்பட்டவர் 1956-ல் கியூபாவுக்குக் கப்பல் ஏறும்போது மருந்தை எடுத்துக்கொள்ளாமல் கிளம்பி, வழியெல்லாம் மூச்சுக்குத் திண்டாடினார்!

அவருடைய முரட்டுத் துணிச்சலையெல்லாம் நோயின் கணக்கில் எழுதிவிட முடியாது. கொரில்லாப் போரும், கியூபப் புரட்சிக்குப் பிறகு லா கபானா கோட்டையில் அவர் பொறுப்பில் நடந்த மரண தண்டனைகளும் அவர் தெரிந்தே எடுத்த அரசியல் முடிவுகள். குதிரைச் சம்பவம் மட்டும் வேறு ரகம். அதற்கு முந்தைய மாதம் அவருடைய ஆட்கள் சமாய்பட்டா ஊருக்குள் புகுந்து மருந்துக் கடையைத் தேடினார்கள். ஆஸ்துமாவுக்கு உதவும் எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் கண் சொட்டு மருந்துக்காகக் கரைத்து வைத்திருந்த அட்ரினலினையே ஊசியாகப் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 14 அன்று ரேடியோவில் ஒரு செய்தி. அவருடைய ஆஸ்துமா மருந்துகளை ஒளித்து வைத்திருந்த குகையை ராணுவம் கண்டுபிடித்துவிட்டது. அக்டோபர் 8-ல் பிடிபட்டவர், மறுநாள் லா ஹிகேரா கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39.