லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன்

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் (அக்டோபர் 11, 1881 – செப்டம்பர் 30, 1953) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். வளிமண்டலத்தைக் கட்டங்களாகவும் அடுக்குகளாகவும் பிரித்து, சமன்பாடுகளின் துணையுடன் வானிலையைக் கணிக்க முதன்முதலில் முயன்றவர் இவரே. இன்றைய வானிலைக் கட்டத் தரவுகளில் ஒவ்வோர் எண்ணும் அளவின் பெயர், அலகு, உயரமட்டம் ஆகியவற்றுடன் சேர்த்தே பொருள் கொள்ளப்படுகிறது. அந்த ஒழுங்கின் தொடக்கத்தை இவருடைய கணிப்புப் படிவங்களில் காணலாம்.

வாழ்க்கை

ரிச்சர்ட்சன் நியூகாசில் நகரில், தோல் பதனிடும் தொழில் செய்த குவேக்கர் குடும்பத்தில் ஏழு பிள்ளைகளில் இளையவராகப் பிறந்தார். 1903 இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் படிப்பை முடித்தார். 1913 இல் ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மியூர் ஆய்வகத்தின் கண்காணிப்பாளரானார். போரை ஏற்காத குவேக்கர் நெறியைப் பின்பற்றியதால் முதல் உலகப்போரில் ஆயுதம் ஏந்தவில்லை. மாறாக 1916 இல் பணியைத் துறந்து, பிரான்சில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் ஊர்தியின் ஓட்டுநராகச் சேர்ந்தார்.

அடுக்குகளும் அளவுகளும்

ஓய்வு கிடைத்த நேரங்களில் அவர் கணக்கிட்டது, முன்னரே கடந்துவிட்ட 1910 மே 20 ஆம் நாளின் வானிலையை ஆகும். அந்நாளுக்குரிய மேல்வளி அளவீடுகளை வில்ஹெல்ம் பியர்க்னெசு தொகுத்திருந்தார்.

ரிச்சர்ட்சன் நடு ஐரோப்பாவை 3 பாகை நெட்டாங்கு அகலமும் 200 கிலோமீட்டர் நீளமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்தார். சதுரங்கப் பலகை போல ஒரு கட்டத்தில் அழுத்தமும் அடுத்த கட்டத்தில் காற்றின் உந்தமும் கணிக்கப்பட்டன. செங்குத்தாக ஐந்து அடுக்குகள் இருந்தன. அவற்றின் எல்லைகள் ஏறத்தாழ 2.0, 4.2, 7.2, 11.8 கிலோமீட்டர் உயரங்களில் அமைந்தன. இவை முறையே 800, 600, 400, 200 மில்லிபார் அழுத்தங்களுக்கு அருகில் உள்ளன. உயரத்தைச் சமமாகப் பிரிக்காமல் காற்றின் நிறையை ஏறத்தாழச் சமமாகப் பிரித்ததே இத்தேர்வின் சிறப்பு.

இங்கு மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அவருடைய உந்தம் ஓர் உயரத்தில் உள்ள காற்றின் அளவன்று. ஓர் அடுக்கு முழுவதற்குமான கூட்டுத்தொகை. மட்டம் என்பது ஒரு பரப்பு, அடுக்கு என்பது இரு பரப்புகளுக்கு இடைப்பட்ட பகுதி. இவ்வேறுபாட்டை மறந்தால் இன்றைய தரவுக் கோப்புகளையும் தவறாகவே படிக்க நேரும்.

தோல்வியும் காரணமும்

இரண்டே நிரல்களைக் கையால் கணக்கிடச் சுமார் ஆறு வாரங்கள் ஆயின. 1917 இல் ஷாம்பெய்ன் போர்முனையில் காணாமற்போன கையெழுத்துப்படி, சில மாதங்களுக்குப் பின் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலின் அடியில் கிடைத்தது.

ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் உயரும் எனக் கணக்கு கூறியது. உண்மையில் அது ஏறக்குறைய மாறவேயில்லை. ஆயினும் அவர் விடையை மறைக்காமல், வெற்றுப் படிவங்களுடன் 1922 இல் நூலாக வெளியிட்டார். கணிப்பு வானிலைக்கு ஈடுகொடுக்க 64,000 கணக்காளர்கள் தேவைப்படுவர் என்றும் அதில் மதிப்பிட்டார். அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச் பின்னாளில் கணினியில் அதே கணக்கைச் செய்தபோது அதே பிழை வந்தது. தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாததால் எழுந்த விரைவான அலைகளே காரணம். அவற்றை வடிகட்டியதும் மாற்றம் 1 மில்லிபாருக்கும் குறைந்தது. சமன்பாடுகள் தவறவில்லை.

பிற்காலம்

போருக்குப் பின் வானிலைத் துறைக்குத் திரும்பிய அவர், அது விமானப்படை அமைச்சின் கீழ் வந்ததும் 1920 இல் விலகினார். 1926 இல் அரச கழக உறுப்பினரானார். 1929 முதல் 1940 வரை பெய்சிலி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். போர்கள் ஏன் மூள்கின்றன என்பதைக் கணிதத்தால் ஆராய்வதே பிற்காலத்தில் அவருடைய முதன்மைப் பணியாயிற்று.

1950 இல் எனியாக் கணினியில் முதல் கணினிவழிக் கணிப்பு செய்யப்பட்டது. அதில் ஐந்து அடுக்குகள் இல்லை. 500 மில்லிபார் என்ற ஒரே மட்டம் மட்டுமே. அங்கு அழுத்தம் நிலையானது என்பதால், கணிக்கப்பட்ட அளவு அப்பரப்பின் உயரமாகும். முடிவுகளை அறிந்து ரிச்சர்ட்சன் பாராட்டு தெரிவித்தார். 1953 இல் ஸ்காட்லாந்தின் கில்மன் என்ற ஊரில் காலமானார். போர்கள் குறித்த அவருடைய இரு நூல்கள் 1960 இல் அச்சாயின.