போருக்குப் பாடநூல் தந்த திப்பு சுல்தான்

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் போகும் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் வாழப்பாடி வரும். சாலையின் இரு பக்கமும் தொலைவில் மலைகள் தெரியும். கடற்கரைச் சமவெளியிலிருந்து சேலம் சீமைக்குள் வருவதற்கு இயற்கையே அமைத்துக் கொடுத்த வாசல் இந்தப் பள்ளத்தாக்கு. இன்று அதில் பஸ்களும் லாரிகளும் ஓடுகின்றன. ஒரு காலத்தில் இது போர்ச் சீமை.

18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேலம் சீமை மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்திருந்தது. 1768-ம் ஆண்டில் சேலம், நாமக்கல் கோட்டைகளை ஆங்கிலக் கும்பினியின் படை பிடித்தது. ஆண்டு முடிவதற்குள் ஹைதர் அலி அவற்றைத் திரும்பப் பிடித்துவிட்டார். ஒரே ஆண்டில் இரண்டு முறை கோட்டையில் கொடி மாறியது. கோட்டைக்கு வெளியே ஏர் பிடித்த குடியானவனின் பாடு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த நாட்களில் தந்தையோடு போர்க்களம் சுற்றிய பதினெட்டு வயது இளைஞர்தான் பின்னாளில் மைசூர்ப் புலி என்று பெயர் பெற்ற திப்பு சுல்தான். அவருடைய வாளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். புலிப் பொம்மையைப் பற்றியும் தெரியும். ஆனால் தம் படைக்கு அவர் ஒரு பாடநூல் எழுதச் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அந்த நூலின் கதை, திப்புவின் கதையே ஆகும்.

ஏடும் வாளும்

திப்பு பிறந்தது 1750-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி, பெங்களூருக்கு அருகே உள்ள தேவனஹள்ளியில். தந்தை ஹைதர் அலி எழுதப் படிக்கத் தெரியாதவர். சாதாரணப் படைவீரராகத் தொடங்கி ராஜ்யத்தையே கையில் பிடித்தவர். தமக்குக் கிடைக்காத கல்வி மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். பாரசீகமும் மத நூல்களும் கற்பிக்க ஆசிரியர்கள் வந்தார்கள். குதிரையேற்றமும் போர்த்தொழிலும் கற்பிக்க காஜிகான் என்ற அதிகாரி அமர்த்தப்பட்டார்.

ஆகவே ஒரு கையில் ஏடும், மறு கையில் வாளுமாக வளர்ந்தார் திப்பு. 1767-ம் ஆண்டில், 17 வயது நிரம்புவதற்கு முன்பே, குதிரைப்படையுடன் சென்னைப் பட்டணத்தின் புறநகர் வரை பாய்ந்து சென்று கும்பினியாரைக் கதிகலங்க வைத்தார்.

எதையும் எழுதி வைப்பது அவருடைய வழக்கம். தாம் கண்ட கனவுகளைக்கூடத் தம் கையாலேயே எழுதி வைத்தார். ஆட்சிக்கு வந்த பிறகு அதிகாரிகளுக்கு ஓயாமல் கடிதங்கள் எழுதினார். எழுத்தில் இருப்பதே நிலைக்கும் என்று நம்பியவர் அவர்.

புள்ளலூர் கற்பித்த பாடம்

1780-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி, காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள புள்ளலூரில் ஒரு பெரும் போர் நடந்தது. கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த கும்பினிப் படையைத் திப்பு வழிமறித்தார். பிறகு ஹைதரும் வந்து சேர்ந்துகொண்டார். மைசூர்ப் படையின் பீரங்கிகள் முழங்கின, வாணங்கள் பறந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. கும்பினிப் படை நிலைகுலைந்தது. பெய்லி கைதியாக ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுபோகப்பட்டார். அவரோடு டேவிட் பெயர்ட் என்ற இளம் அதிகாரியும் சிறைப்பட்டார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்திய மன்னர்களின் படைகளில் வீரத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கும்பினியாரின் பலம் வேறு இடத்தில் இருந்தது. அக்காலத் துப்பாக்கியால் ஒருவன் தனியாகச் சுட்டால் குறி பெரும்பாலும் தப்பும். ஒரு முறை சுட்டபின் மருந்தும் குண்டும் இட்டு மறுமுறை சுட நேரம் பிடிக்கும். நூறு பேர் வரிசையாக நின்று, ஒரே சொல்லுக்கு ஒரே நொடியில் சுட்டால்தான் அது ஆயுதம். எதிரி பாய்ந்து வரும்போதும் வரிசை கலையாமல் நிற்க வேண்டும். அதற்குக் கவாத்து வேண்டும். கவாத்துக்கு ஒரே முறை வேண்டும். தளத்துக்குத் தளம், தலைவனுக்குத் தலைவன் முறை மாறினால் காரியம் கெட்டுவிடும்.

ஹைதரின் படையில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். கவாத்துக்கு அந்நியர்களின் சொற்களே வழங்கின. பிறர் தயவில் நிற்கும் பயிற்சி எத்தனை நாள் நிலைக்கும் என்ற கேள்வி திப்புவின் மனத்தில் எழுந்திருக்க வேண்டும்.

நூல் பிறந்தது

1782-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, சித்தூருக்கு அருகே போர்ப் பாசறையில் ஹைதர் அலி காலமானார். திப்பு அப்போது மலையாளக் கரையில் போர் செய்துகொண்டிருந்தார். விரைந்து வந்து ஆட்சியை ஏற்றார். எதிரே கும்பினிப் போர் முடியாமல் நின்றது. அந்த நெருக்கடிக்கு நடுவே, 1783-ம் ஆண்டில், அவருடைய கட்டளைப்படி ஒரு நூல் எழுதப்பட்டது. அதன் பெயர் பத்ஹுல் முஜாஹிதீன். போர்வீரரின் வெற்றி என்று அதற்குப் பொருள் கூறலாம். எழுதியவர் மீர் ஜைனுல் ஆபிதீன் ஷுஷ்தரி. மொழி பாரசீகம்.

போர் பற்றிய மத விதிகளோடு நூல் தொடங்குகிறது. பிறகு முழுவதும் படைத்தொழில். அணிவகுப்பு எப்படி, அடியெடுப்பு எப்படி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றுவதும் இறக்குவதும் எப்படி என்று விளக்குகிறது. அதிகாரிகளின் கடமைகளையும் வகுத்துச் சொல்கிறது. பிரெஞ்சு, ஆங்கிலக் கட்டளைச் சொற்கள் போய் அவற்றின் இடத்தில் பாரசீகச் சொற்கள் வந்தன.

காலாட்படை குஷூன் என்ற பிரிவுகளாக வகுக்கப்பட்டது. அதன் தலைவர் சிபாதார். அவருக்குக் கீழே ரிசால்தார். அவருக்குக் கீழே ஜௌக்தார். யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதில் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை.

நூலின் கையெழுத்துப் பிரதிகள் படைத்தலைவர்களுக்கு வழங்கப்பட்டன. தலைவன் படிக்க வேண்டும்; படித்தபடி வீரர்களைப் பழக்க வேண்டும். இன்றைய ராணுவ வீரன் சட்டைப் பையில் வைத்திருக்கும் கையேட்டுக்கு நம் நாட்டில் ஒரு மூதாதையைத் தேடினால் இந்த நூலைக் காட்டலாம்.

வாணப் படை

நூலின் புகழுக்குக் காரணம் அதில் உள்ள வாணப் பகுதி. ஒவ்வொரு குஷூனிலும் 200 வாணக்காரர்கள் சேர்க்கப்பட்டார்கள். இவர்கள் தேர்ந்தெடுத்த வீரர்கள்.

திருவிழா வாணம் காகிதக் குழலில் மருந்து அடைத்தது. மைசூர் வாணத்துக்கு இரும்புக் குழல். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழலை நீண்ட மூங்கிலிலோ வாளிலோ கட்டிவிடுவார்கள். காகிதம் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும். ஆகவே மருந்தை இறுக்கி அடைக்கலாம். அதனால் வாணம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாயும். குழலின் பருமனையும் இலக்கின் தூரத்தையும் பார்த்து, எந்தச் சாய்வில் ஏவ வேண்டும் என்று கணக்கிட வீரர்கள் பழக்கப்பட்டார்கள்.

பீரங்கியை இழுக்க மாடுகள் வேண்டும், பாதை வேண்டும். வாணத்தை ஒருவன் தோளில் சுமந்துகொண்டு எந்த மேட்டிலும் ஏறிவிடலாம். அதுவே அதன் சிறப்பு.

ஏறத்தாழ அதே காலத்தில் உலகின் மறு கோடியிலும் இதே வேலை நடந்தது. அமெரிக்கக் காடுகளில் போரிட்ட ராபர்ட் ரோஜர்ஸ் என்ற தலைவர் தம் ரேஞ்சர் வீரர்களுக்காக 1757-ம் ஆண்டில் 28 விதிகள் எழுதினார். இன்றைய அமெரிக்க ரேஞ்சர் படையின் கையடக்க நூல் அவரையே முன்னோடியாகக் கொண்டாடுகிறது. ஜெர்மனியிலிருந்து சென்ற ஸ்டூபன், வாஷிங்டனின் படைக்கு ஒரு கவாத்து நூல் எழுதினார். 1779-ம் ஆண்டில் அச்சாகிய அந்த நூலுக்கு அட்டையின் நிறத்தால் நீலப் புத்தகம் என்றே பெயர் வந்தது. திப்புவின் நூல் அதற்கு நான்கு ஆண்டுகளே பிந்தியது. உலகம் எண்ணியதை அதே வேகத்தில் எண்ணியவர் அவர்.

சேலம் கைமாறியது

பயிற்சியின் பலன் களத்தில் தெரிந்தது. 1790-ம் ஆண்டு நவம்பரில் பாராமகாலில் இருந்த திப்புவைக் கும்பினிப் படைகள் நெருக்கின. அவரோ தொப்பூர்க் கணவாய் வழியே நழுவிச் சேலம் சமவெளியில் இறங்கி, திருச்சிராப்பள்ளி நோக்கிப் போய்விட்டார். ஜெனரல் மெடோஸ் பின்னால் ஓடியும் பிடிக்க முடியவில்லை.

ஆனால் எதிரிகள் பலர். கும்பினியோடு ஹைதராபாத் நிஜாமும் மராட்டியரும் சேர்ந்துகொண்டார்கள். 1792-ம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சமாதானத்துக்கு இணங்க வேண்டியதாயிற்று. ராஜ்யத்தில் பாதி போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். அது செலுத்தப்படும் வரை இரண்டு சிறு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்க வேண்டும். பெற்ற தகப்பனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

ஓசூர்ப் பகுதி நீங்கலாகச் சேலம் சீமையும் பாராமகாலும் அந்த ஒப்பந்தத்தில்தான் கும்பினியாரின் கைக்குப் போயின. வாழப்பாடி வட்டாரமும் அதில் அடங்கும். காப்டன் ரீடு முதல் கலெக்டராக வந்தார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி வரிமுறை இங்கேதான் முளைவிட்டது.

கடைசி நாள்

1799-ம் ஆண்டில் கும்பினிப் படை மீண்டும் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்தது. ஏப்ரல் 5-ந் தேதி இரவு, சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்க ஆர்தர் வெல்லெஸ்லி என்ற கர்னல் வந்தார். இருட்டில் வாணங்களும் குண்டுகளும் பாய, அவருடைய படை சிதறிப் பின்வாங்கியது. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு இவர்தான். வாணப் படையின் பயிற்சி வீண்போகவில்லை.

ஆனால் ஒரு படையின் பலம் நூலில் மட்டும் இருப்பதில்லை. நம்பிக்கையான மனிதர்களிடமும் இருக்கிறது. நூலை எழுதிய ஷுஷ்தரியின் உடன்பிறந்தவர் மீர் ஆலம், நிஜாம் தரப்பில் எதிரியின் பாசறையில் இருந்தார்! திவான் மீர் சாதிக், தாக்குதல் நேரத்தில் சம்பளம் தருவதாகக் கூறி வீரர்களை மதிலிலிருந்து அழைத்துக்கொண்டார் என்று பல வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

மே 4-ந் தேதி நடுப்பகல் கடந்த நேரம். காவிரியைக் கடந்து மதில் உடைப்பில் ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவர், 19 ஆண்டுகளுக்கு முன் புள்ளலூரில் கைதான அதே டேவிட் பெயர்ட். திப்பு ஓடவில்லை. கோட்டை வாயிலருகே வீரர்களோடு வீரராக நின்று போராடி மடிந்தார். பிணக்குவியலுக்குள் அவருடைய உடலை இரவில் விளக்கு வெளிச்சத்தில்தான் கண்டெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48.

குடகிலும் மலையாளத்திலும் அவர் நடத்திய போர்களின் கொடுமை பற்றி இன்றும் வருத்தத்தோடு பேசுவோர் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்நியனுக்குப் பணியாமல் களத்தில் உயிர்விட்டவர் என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

நூல் எங்கே போயிற்று?

திப்புவின் நூலகத்தில் ஏறத்தாழ 2,000 நூல்கள் இருந்தன. அவற்றில் பல கல்கத்தாவுக்கும் இங்கிலாந்துக்கும் போயின. பத்ஹுல் முஜாஹிதீன் பிரதிகளும் அப்படியே. வாணங்களும் இங்கிலாந்து சேர்ந்தன. வில்லியம் காங்கிரீவ் என்பவர் அந்தக் கலையை ஆராய்ந்து புதிய வாணங்கள் செய்தார். 1807-ம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரம் அவற்றால் எரிந்தது. அதே ஆண்டில் காங்கிரீவ் தம் வாணமுறையைப் பற்றி ஒரு நூலும் அச்சிட்டு வெளியிட்டார்.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். தரங்கம்பாடியில் 1713-ம் ஆண்டிலேயே தமிழ் எழுத்து அச்சேறிவிட்டது. ஆனால் திப்புவின் போர்நூல் கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. கன்னடமும் தெலுங்கும் தமிழும் தக்கணியும் பேசிய சீமைகளில் அது பாரசீகத்தில் இருந்தது. தலைவர்கள் படித்தார்கள், வீரர்கள் கேட்டுப் பழகினார்கள். தலைவன் வீழ்ந்ததும் படை கலைந்தது. படை கலைந்ததும் கலையும் கலைந்தது. இரும்புக் குழல் செய்த கொல்லனிடமும், அதை ஏவிய வீரனிடமும் அந்த நூல் அவனவன் மொழியில் போய்ச் சேர்ந்திருந்தால், வாணக்கலை நம் மண்ணிலேயே மேலும் வளர்ந்திருக்கக் கூடும்.

1963-ம் ஆண்டில் பயிற்சிக்காக அமெரிக்கா சென்ற ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர், வாலப்ஸ் தீவு ராக்கெட் நிலையத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைக் கண்டார். அதில் வாணம் ஏவியவர்கள் கறுத்த மேனியினர். அருகே சென்று பார்த்தபோது, அது திப்புவின் படை என்று தெரிந்தது. அந்த இளைஞர் அப்துல் கலாம். சொந்த நாட்டில் மறந்ததை அந்நிய நாட்டுச் சுவரில் காண நேர்ந்தது.

2018-ம் ஆண்டில் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்ற ஊரில், பழங்கிணறு ஒன்றிலிருந்து 1,000-க்கும் மேற்பட்ட இரும்பு வாணக் குழல்கள் கிடைத்தன. துருப்பிடித்த அந்தக் குழல்கள் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தவை.

வாழப்பாடிச் சாலையில் இன்று எந்தப் படையும் போவதில்லை. காலையில் பிள்ளைகள் புத்தகப் பையோடு பள்ளிக்குப் போகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது அச்சிட்ட புத்தகம். தாய்மொழியில் படிக்கக்கூடிய புத்தகம். மைசூர்ப் புலியிடம் இல்லாமல் போன பலம் அது.