கறிவேப்பிலையிலும் பருத்திப் பூச்சியிலும் ஒரே பெயர்

வெடித்த பருத்திக் காய்களில் சிவப்பு சிவப்பாக மொய்க்கும் பூச்சியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஜோடி ஜோடியாகப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, ஒன்றை ஒன்று இழுத்தபடி ஊர்ந்து போகும். சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி என்கிறோம். அறிவியல் பெயர் டிஸ்டெர்கஸ் கோனிகி. உங்கள் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைக்கு அறிவியல் பெயர் முரையா கோனிகி. இரண்டிலும் வருகிற அந்தக் 'கோனிகி' ஒரு மருத்துவரின் பெயர். நமக்குக் கிழக்கே, கடலோரத் தரங்கம்பாடியில் வாழ்ந்தவர் அவர்.

யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1728-ல் பால்டிக் கடலோரத்து லிவோனியாவில் பிறந்தார். செடிகளுக்கும் உயிரினங்களுக்கும் இரண்டு சொல்லில் பெயரிடும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸிடம் பாடம் கற்றார். ஐஸ்லாந்துக்குப் போய்ச் செடிகளைச் சேகரித்தார். பிறகு, டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக 1768-ல் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 39.

நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, மற்ற நேரமெல்லாம் காடும் கழனியும்தான். செடிகளைக் காயவைத்து, பூச்சிகளைப் பதப்படுத்தி, மாதக்கணக்கில் கடலில் போகும் கப்பல்களில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இதில் ஆர்வமுள்ள மிஷனரிகளையும் சேர்த்துக்கொண்டார். 1771-ல் லின்னேயஸ் நம் கறிவேப்பிலைக்குத் தன் மாணவரின் பெயரையே சூட்டினார்.

லின்னேயஸின் இன்னொரு மாணவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ். கோனிக் அனுப்பிய பூச்சிகள் பல அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 1775-ல் அவர் வெளியிட்ட பூச்சியியல் நூலில் நம் சிவப்புப் பூச்சிக்குக் கோனிக்கின் பெயர் வைத்தார். புகையிலைப் புழு என்று நாம் திட்டும் ஸ்போடாப்டிரா லிட்டூராவுக்குப் பெயர் வந்ததும் அதே நூலில்தான்.

கோனிக் பெயர் கொடுத்தவர் மட்டுமல்ல, கூர்ந்து பார்த்தவரும்கூட. கரையானைப் பற்றி 1779-ல் ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதினார். புற்றின் ஒரு பக்கம் துளையிட்டுப் புகை போட்டு, மறுபக்கம் வாசனைத் தழை தேய்த்த பானையை வைத்து ஈசல் பிடிப்பதையும், அதை மாவுடன் சேர்த்துப் பலகாரம் செய்வதையும், அளவு மீறித் தின்றால் வயிற்றைக் கெடுக்கும் என்பதையும் குறித்து வைத்தார். ஊர்க்காரர்களின் அறிவை அவர் ஒதுக்கவில்லை.

1774-ல் ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணிக்கு மாறி, சயாம், மலாக்கா வரை சென்று வந்தார். 1785 ஜூன் 26-ம் தேதி காக்கிநாடா அருகே ஜகந்நாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தார். எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்த்தவரை அந்த நோய் கொண்டுபோனது. அவருடைய குறிப்புகள் லண்டனில் இருந்த ஜோசஃப் பேங்க்ஸுக்குப் போயின.

'பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது சார்? மருந்தைச் சொல்லுங்கள்' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. மருந்துக்கு முன்பே பெயர் வேண்டும். 2018-ல் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்தில் புகுந்த படைப்புழுவை நினைத்துப் பாருங்கள். அது ஸ்போடாப்டிரா ஃப்ருஜிபெர்டா என்று உறுதியான பிறகுதான் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் அதைச் சமாளித்தவர்களின் அனுபவம் நமக்குப் பயன்பட்டது. பெயர்தான் அந்த அனுபவத்துக்குச் சாவி. சாவி மாறினால் வேறு பூட்டைத்தான் திறப்போம்.

பருத்தியிலும் இதே கதைதான். டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ் என்று, பார்வைக்கு ஏறக்குறைய இதே போன்ற இன்னொரு பூச்சி உண்டு. இரண்டின் பெயரும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. இவையாவது இரண்டுமே பகைவர்கள். மூன்றாவதாக ஒரு சிவப்புப் பூச்சி இருக்கிறது. ஆன்டிலோகஸ் கோக்பெர்டி என்று பெயர். அதற்கும் பெயர் வைத்தவர் ஃபாப்ரிசியஸ்தான். சற்றுப் பெரியதாக இருக்கும். ஒரு சிவப்புப் பூச்சி இன்னொரு சிவப்புப் பூச்சியின் உடலில் ஊசி போன்ற வாயைச் செருகிச் சாறு உறிஞ்சுவதைக் கண்டால், அது உங்கள் நண்பன். சிவப்பாக இருப்பதையெல்லாம் ஒன்றாக நினைத்து மருந்தடித்தால் காவல்காரனும் சேர்ந்தே சாவான்.

பகைவன் செய்யும் சேதம் சின்னதல்ல. குஞ்சும் தாய்ப்பூச்சியும் காய்க்குள் இருக்கும் விதையின் சாற்றை உறிஞ்சும். பஞ்சில் மஞ்சள் கறை ஏறி விலை இறங்கும். விதையில் எண்ணெய்ச் சத்தும் முளைப்புத்திறனும் குறையும். இதற்கு எடுத்த எடுப்பில் மருந்து தேவையில்லை. வெடித்த காய்களைச் செடியில் விட்டுவைக்காமல் உடனுக்குடன் பறியுங்கள். வரப்பில் இருக்கும் துத்திச் செடியைப் பிடுங்குங்கள், அதிலும் இது பெருகும். மண்ணுக்குள் முட்டையிடுவதால் இடையுழவு செய்தால் முட்டைகள் வெயிலில் காயும். கூட்டமாக இருக்கும் குஞ்சுகளை, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டில் தட்டிவிடுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களே, புதிதாக ஒரு பூச்சி கண்ணில் பட்டால் படம் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். நாலைந்து பூச்சிகளைச் சின்ன பாட்டிலில் போட்டு, ஊர், தேதி, பயிர் மூன்றையும் எழுதி ஒட்டி, வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையம் போன்ற அருகிலுள்ள நிலையத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியில் கோனிக் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. அதில் உங்கள் வயலுக்கும் பங்கு உண்டு.