வட்டமும் சதுரமும்

ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் சீனிவாச இராமானுஜன். அவர்தம் குடும்பத்தார் வழிபட்ட தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்ததால் பிற பாடங்களில் தோற்றார், பட்டம் பெறவில்லை. காகிதம் வாங்க இயலாத நாள்களில் கற்பலகையில் கணக்கிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

முடிவைக் காண்பது வேறு, பிறருக்கு விளங்க உரைப்பது வேறு. இந்தியக் கணிதக் கழக இதழுக்கு அவர் விடுத்த முதற்கட்டுரை, பதிப்பாசிரியருக்கும் அவருக்குமிடையே மும்முறை சென்று மீண்ட பின்னரே 1911இல் அச்சேறியது.

1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு, வட்டத்தைச் சதுரமாக்கும் அவரது வரைமுறை அதே இதழில் வெளிவந்தது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வட்டத்திற்குச் சமபரப்புள்ள சதுரத்தை வரைய முடியாது என்பது 1882இல் லிண்டமன் ஆய்வால் உறுதிப்பட்டிருந்தது. அதன் பின்னரும் வழி கண்டதாக முழங்கியோர் பலர். இராமானுஜனோ தம் முறை தோராயமானது என்றே எழுதினார். பிழையின் அளவையும் மறைக்கவில்லை. பையின் மதிப்பை 355/113 எனக் கொள்ளும் அம்முறையில், 1,40,000 சதுர மைல் பரப்புள்ள வட்டத்திற்கு வரையும் சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ ஓர் அங்குலமே மிகும். அவ்வட்டம் இன்றைய தமிழ்நாட்டைப்போல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு!

1914இல், கடல் கடந்த ஆண்டிலேயே, இதனினும் நுட்பமான வரைமுறையொன்றை இங்கிலாந்தில் வெளியிட்டார். 8,000 மைல் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை அளக்கையில், அதில் நேரும் பிழை அங்குலத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கே.