நிழலில் உருவம் கண்டவர்

பொதியமலையிற் பிறந்து, திருநெல்வேலிச் சீமையை வளஞ்செய்து, கடலிற் கலக்கும் பொருநையாறு நெல்லேயன்றி நல்லறிஞர் பலரையும் நாட்டுக்கு அளித்ததாகும். அவ்வாற்று வெளியில் அமைந்த சிற்றூர்களுள் ஒன்று கோபாலசமுத்திரம். தாம் அங்குப் பிறவாதிருந்தும், முன்னோர் வாழ்ந்த அவ்வூரின் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கி, உலகெங்கும் விளங்கச் செய்தார் ஒருவர். அவரே கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன். ஜி. என். இராமச்சந்திரன் என்று அறிவுலகம் அவரைப் போற்றும். அவர் மருத்துவர் அல்லர். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்தவரும் அல்லர். ஆயினும், மனித உடலைக் கீறாமலே அதன் உட்பகுதியைத் தெளிவாகக் காண்பதற்குரிய கணக்கை வகுத்தளித்த பெரியோருள் அவரும் ஒருவர்.

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்திற் பிறந்தார். தந்தையார் அந்நகரின் மகாராஜா கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். ஆதலின், இளமையிலேயே கணிதம் அவருக்குத் தாய்மொழிபோற் பழகிற்று. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்று 1942இல் தேர்ந்த அவர், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சேர்ந்தார். அங்குப் பௌதிகத்துறைத் தலைவராய் விளங்கிய சர் சி. வி. இராமன், அவ்விளைஞரின் கூர்த்த மதியைக் கண்டு, தம் துறைக்கே அவரை அழைத்துக் கொண்டார். படிகங்களின் ஊடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் வகையைக் கொண்டு அணுக்களின் அடுக்கை உய்த்துணரும் கலையில் இராமச்சந்திரன் தேர்ச்சி பெற்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜுக்குச் சென்று இரண்டாண்டுகள் ஆராய்ந்து, 1949இல் டாக்டர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரைப் பௌதிகப் பேராசிரியராக அமர்த்தியது. அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பதே. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் துலங்கவில்லை என்பதை அவருக்கு எடுத்துரைத்தார். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாருக்கும் உறுதி தருவது அப்பொருள். இராமச்சந்திரன் அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்தினின்று அதனைப் பெற்று, கோபிநாத் கர்த்தா என்பாருடன் ஆராய்ந்தார். மூன்று இழைகள் முறுக்குண்டு முப்புரிக் கயிறு போல் அமைந்ததே கொலாஜன் என்று 1954இல் அவ்விருவரும் உலகுக்கு அறிவித்தனர்.

புகழோடு எதிர்ப்பும் வந்தது. கிரிக், ரிச் என்னும் மேனாட்டு அறிஞர் இருவர், இராமச்சந்திரன் காட்டிய அமைப்பில் சில அணுக்கள் இருத்தற்கியலாத அளவு நெருங்கியுள்ளன என்று குறை கூறினர். உட்பிணைப்புப் பற்றிய சில நுட்பங்களில் அவர்தம் திருத்தமே பின்னர் நிலைத்தது; முப்புரி என்னும் அடிப்படைக் கருத்தோ அசையாது நின்றது. குறை கூறியவர்மீது இராமச்சந்திரன் சினங்கொண்டு வாளா இருந்தாரல்லர். அணுவும் அணுவும் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியையே தமக்கு ஆராய்ச்சிப் பொருளாக்கிக் கொண்டார். பல படிகங்களின் அளவுகளைத் திரட்டினார். சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகிய மாணவர் துணையுடன், புரத இழை எவ்வெக்கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்கலாகாது என்பதை ஒரு படமாக வரைந்து 1963இல் வெளியிட்டார். இராமச்சந்திரன் படம் எனப் பெயர் பெற்ற அதனை வைத்தே புரதங்களின் அமைப்பைச் சரிபார்க்கும் வழக்கம் இன்றும் உளது. பிறர் காட்டிய குறையே பெருங்கண்டுபிடிப்புக்கு வித்தாயிற்று.

மருத்துவத்துக்கு அவர் நேரே செய்த உதவி 1971இல் வெளிப்பட்டது. தோற்பாவைக் கூத்தில் நாம் காண்பது திரையில் விழும் நிழலையே. எக்ஸ் கதிர்ப் படமும் அத்தகையதே; முன்னுள்ள எலும்பும் பின்னுள்ள உறுப்பும் ஒரே நிழலாய் மயங்கித் தோன்றும். உடலைச் சுற்றிப் பல திசைகளினின்று நிழல்களை எடுத்து, அவற்றைக் கணக்கினால் ஒன்றுகூட்டினால் உள்ளுருவம் புலப்படும். எனினும், நிழல்களை வந்த வழியே திருப்பிப் பரப்பிக் கூட்டினால் உருவம் மங்கிக் கலங்கும். மங்கலை நீக்கும் பழைய முறையோ மிகுந்த கணக்கீட்டை வேண்டியது. ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு திருத்தக் கணக்கிற்கு உட்படுத்திப் பின்னர்ப் பரப்பினால், விரைவிலும் தெளிவாகவும் உருவம் கிட்டும் என்று இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணன் என்பாரும் காட்டினர். வானொலி அலைகளால் விண்ணை ஆராய்ந்தவர் ஒத்த முறையொன்றைச் சில ஆண்டுகள் முன்னரே கண்டிருந்தனர். உடலின் உள்ளுருவை வரையும் துறையில் இவர்கள் காட்டிய வழி பெரிதும் பயன்பட்டது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. 1979இல் அவருக்கும் கார்மக் என்பாருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சி.டி. ஸ்கேன் கருவிகளின் கணக்குமுறையிலோ இராமச்சந்திரன் பெயரும் நிலைபெற்றது.

அவர் இல்லறத்தையும் நல்லறமாகப் போற்றியவர். 1945இல் இராஜலட்சுமி அம்மையாரை மணந்தார். மக்கள் மூவருள் இரமேஷ் நாராயண், கருந்துளைகளை ஆராயும் வானியலறிஞராய்ப் புகழ் பெற்றார். ஆராய்ச்சியில் தம்மை மறந்து மூழ்கிய கணவருக்கு நாள்தோறும் உறுதுணையாய் நின்றவர் அம்மையாரே. சென்னையை விட்டுப் பெங்களூர் சென்று, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் புதிய ஆராய்ச்சித் துறையை அவர் நிறுவிய காலத்தும், முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரை வருத்திய காலத்தும், அத்துணை குறையவில்லை. 1998இல் அம்மையார் மறைந்தார். அப்பிரிவு இராமச்சந்திரனைப் பெரிதும் தளர்த்திவிட்டது. படிகவியலின் உயர்ந்த சிறப்பாகிய இவால்டு பரிசு 1999இல் வந்தபொழுது, அம்மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள அவர் அருகில் இல்லை. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இராமச்சந்திரனும் சென்னையில் உயிர் நீத்தார்.

இன்று பொருநைக்கரைச் சிற்றூர் ஒன்றில் வயலுழும் உழவர், தலையில் அடிபட்டுத் திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்கு வருவாராயின், அவர் மண்டையைத் திறவாமலே உள்ளே குருதி கசிந்துளதா என்று மருத்துவர் சில நிமிடங்களிற் கண்டுகொள்வர். அக்கருவியின் கணக்குமுறைகளைப் பிற்காலத்தார் பலவாறு வளர்த்துள்ளனர். அவ்வளர்ச்சிக்கு அடியிட்டவருள் ஒருவர் பெயரில் அவ்வாற்று வெளியின் ஊர்ப்பெயர் கலந்துள்ளது. அதனை அவ்வுழவர் அறியார். ஆயினும் அதன் பயனைப் பெறுகின்றார். தம்மை அறியாதாருக்கும் பயன்படும்படி வாழ்ந்தவரே நெடிது வாழ்ந்தவராவர்.